ஒடுக்கம்

தாம்பரம், சேலையூர்ப் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் பேச்சில், விலகியிருந்து செபிக்கும் நாட்களுக்கு இப்போது 'ரிட்ரீட்' என்ற சொல்தான். கத்தோலிக்கர் வழக்கில் அதற்கு 'ஞான ஒடுக்கம்' என்ற பெயர் உண்டு. அது வழக்கொழிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடங்குதல், சுருங்குதல், மறைதல் எல்லாம் 'ஒடுங்கு' என்ற வேரில் உண்டு. சித்தர் அடங்கிய இடத்தையும் ஒடுக்கம் என்பார்கள். 486ஆம் குறளிலோ அது, பாய்வதற்கு முன் ஆட்டுக்கடா பின்வாங்கும் நிலை. இன்று 'ஒடுக்கப்பட்டோர்' என்ற வழக்கால் அடக்குமுறைப் பொருளே முந்திக்கொண்டது. ஒடுக்கம் என்று சொல்லத் தயக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் 'தியானம்' என்றால் போதுமா? ஓரளவுதான். 1548இல் அச்சான, ரிட்ரீட்டுகளுக்கு வழிகாட்டும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் நூல், நற்செய்திக் காட்சியை மனக்கண்ணில் எழுப்பி அதற்குள் போய் நிற்கச் சொல்கிறது: பார், கேள், முகர், சுவை, தொடு. வாய் மூடியிருக்க ஐம்புலனும் விழித்திருக்கும் அந்தச் செபத்துக்குக் குறளின் ஒடுக்கமே பொருந்தும். அறிவிப்புப் பலகைகளில் அதையே எழுதலாம்.