ஆசிரியருக்குத் துணை நின்ற நிலையங்கள்

குஷாய்குடா, ஈசிஐஎல் சந்திப்பு, ஏ.எஸ்.ராவ் நகர் என்று இன்று இடைவெளி தெரியாமல் ஒட்டிக் கிடக்கும் நம் பகுதி, எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் (ஈசிஐஎல்) 1967இல் இங்கே காலூன்றிய பிறகு வளர்ந்தது. அணுசக்தித் துறையின்கீழ் டாக்டர் ஏ.எஸ்.ராவ் உருவாக்கிய அந்த நிறுவனத்துக்கும், அடுத்து வந்த அணு எரிபொருள் வளாகத்துக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே வேர்விட்டன. அவர்களின் பிள்ளைகளில் கல்லூரி ஆசிரியர்களும் உண்டு. நேரில் அமராத மாணவருக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது இன்று அவர்கள் தினமும் சந்திக்கும் கேள்வி. அதற்கு நம் ஹைதராபாத் நகரம் ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிவருகிறது. அந்தத் தேடலில் ஈடுபட்ட நிறுவனங்களின் வரலாற்றை இந்த மலரில் பதிவுசெய்வது பொருத்தம்.

செயற்கைக்கோள் வகுப்பு

கதை ஈசிஐஎல் வாசலிலேயே தொடங்குகிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்கு இரவலாகப் பெற்ற ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் போயின. 'சைட்' என்று பெயர்பெற்ற அந்தச் சோதனைக்கான தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்துத் தந்தது ஈசிஐஎல். ஆந்திரமும் அந்த ஆறு மாநிலங்களில் ஒன்று.

அந்த நிகழ்ச்சிகளில் விவசாயமும் சுகாதாரமும் பலருக்கு நினைவிருக்கும். ஆசிரியர் பயிற்சியும் அதில் இருந்தது என்பது பலருக்கு நினைவில்லை. 1975 அக்டோபரில் சுமார் 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சி தரப்பட்டது. தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சிட்ட கையேடும் செய்முறைகளும் சேர்ந்து வந்தன. பெட்டியை இயக்கிவிட்டு ஆசிரியர்களைத் தனியே விட்டுவிடவில்லை. கூடி உட்கார்ந்து செய்துபார்க்கவும் பேசவும் ஏற்பாடு இருந்தது. திரையில் வருவது பாடத்தின் ஒரு பகுதிதான், மீதி திரைக்கு வெளியே நடக்க வேண்டும் என்ற புரிதல் அன்றைக்கே இருந்திருக்கிறது.

ராம் ரெட்டி போட்ட அடித்தளம்

அடுத்த பெரிய அடியை வைத்தவர் பேராசிரியர் ஜி.ராம் ரெட்டி. பொது நிர்வாகத் துறை அறிஞர். உஸ்மானியா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். 1982 ஆகஸ்டில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அது. 1991இல் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. ஜூபிலி ஹில்ஸில் இன்றும் இயங்குகிறது.

அதற்கு முன்பும் அஞ்சல்வழிக் கல்வி இருந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலும் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் தொடங்கிவிட்டன. ஆனால் அஞ்சல்வழிப் பாடம் பெரும்பாலும் வகுப்புக் குறிப்பைத் தட்டச்சு செய்து உறையில் போட்டு அனுப்பியதுதான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் மாணவர்களைச் சேர்த்தபோது வேறு வழியைக் காட்டியது: பாடத்தை ஒருவர் எழுதுவதில்லை, ஒரு குழு உருவாக்குகிறது. ஹைதராபாத் இந்த முறையைத் தெலுங்குக்கும் நம் ஊர் மாணவருக்கும் ஏற்ப எடுத்துக்கொண்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடநூல் ஒன்றைப் புரட்டினால் முதல் பக்கங்களிலேயே பாடக் குழுவின் பெயர்ப்பட்டியல் இருக்கும்: எழுதியவர்கள், பதிப்பாசிரியர், துணைப் பதிப்பாசிரியர். உள்ளே ஒவ்வோர் அலகும் ஒரே ஒழுங்கில் நடக்கும். இதைப் படித்து முடித்ததும் உங்களால் என்ன செய்ய முடியும் என்று தொடங்கும். இடையிடையே நிறுத்தித் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளக் கேள்விகள் வரும். பிறகு தொகுப்புரை, மாதிரி விடை, கலைச்சொற்கள்.

எழுத வந்தவர்கள் பெரும்பாலும் வழக்கமான கல்லூரிகளின் ஆசிரியர்கள். கரும்பலகை முன்னால் நின்று, மாணவர் முகம் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்தால் திரும்பச் சொல்லிப் பழகியவர்கள். முகம் தெரியாத மாணவருக்கு எழுதும்போது அந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நல்ல பேராசிரியரின் எழுத்தைக்கூடப் பதிப்பாசிரியர் திருத்திக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். மனம் சுருங்காமல் அதை ஏற்கப் பழகுவதே பெரிய பயிற்சி. பல்கலைக்கழகத்துக்குள் பணியாளர் பயிற்சிக்கென்றே தனி மையம் அமைந்ததும், ராம் ரெட்டியின் பெயரில் ஆய்வு மையம் உருவானதும் இந்தத் தேவையிலிருந்துதான்.

ராம் ரெட்டி 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) முதல் துணைவேந்தராக டெல்லி போனார். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தார். ஹைதராபாத்தில் பார்த்த வேலை நாடு முழுவதற்கும் வழிகாட்டியானது. இக்னோவில் 1993இல் தொலைநிலைக் கல்வி ஆசிரியர்களுக்கென 'ஸ்ட்ரைட்' என்ற பயிற்சி, ஆய்வு நிறுவனம் ஏற்பட்டது.

பணி உயர்வும் பயிற்சியும்

வழக்கமான பல்கலைக்கழகங்களின் பாதை வேறு. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மானியக் குழு நாடெங்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. இவைதான் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்'. பிறகு மனிதவள மேம்பாட்டு மையங்கள். 2023 முதல் மாளவியா திட்டப் பயிற்சி மையங்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், உஸ்மானியா, ஜேஎன்டியு, மௌலானா ஆசாத் உருதுப் பல்கலைக்கழகம் என்று ஒரே நகரில் நான்கு மையங்கள் அமைந்தன.

இளம் ஆசிரியருக்கு அறிமுகப் பயிற்சி, அனுபவசாலிக்குப் புத்தொளிப் பயிற்சி. இரண்டும் பணி உயர்வோடு பிணைக்கப்பட்டன. அதனால் வகுப்பு நிறைந்தது; அதனாலேயே சிலருக்குச் சான்றிதழே குறியானது. பயிற்சி முடித்து ஊர் திரும்பியவரின் பாடத்திட்டத்தில் என்ன மாறியது என்று பின்தொடர்ந்து பார்க்க எவருக்கும் பொறுப்பில்லை. அறிஞர் உரைகளைக் கேட்டுத் திரும்பியவர்கள் அதிகம். தம் பாடம் ஒன்றை அங்கேயே பிரித்து மறுபடி கட்டித் திரும்பியவர்கள் குறைவு.

சென்னையும் மும்பையும்

இதற்கிடையே இணையம் வந்தது. சென்னை ஐஐடியின் இயக்குநர் எம்.எஸ்.அனந்த் காலத்தில், 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 'என்பிடெல்' திட்டத்தைத் தொடங்கின. முதலில் முழு விரிவுரைகளே பதிவாயின. ஈசிஐஎல் பக்கத்துப் பொறியியல் மாணவரும் ஐஐடிப் பேராசிரியர் பாடத்தைக் கேட்க முடிந்தது. 2014 முதல் வாராந்திர ஒப்படைப்பும் நேரடித் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. 2017 ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' இணையப் பாடத் தளம் தொடங்கியபோது காணொளி, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கு பகுதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டாயமாயின. மாணவர் இத்தகைய பாடங்களில் பெறும் மதிப்பலகுகளுக்கு மானியக் குழு 2016இல் 20 விழுக்காடு வரையிலும் 2021இல் 40 விழுக்காடு வரையிலும் இடம் கொடுத்தது.

மும்பை ஐஐடியின் கல்வித் தொழில்நுட்பக் குழு ஒரு படி மேலே போனது. ஸ்ரீதர் ஐயர், சாஹனா மூர்த்தி முதலியோர் கல்லூரி ஆசிரியர்களுக்கே இணையப் பாடம் நடத்தினார்கள். காணொளியின் நடுவே ஒரு கேள்வி, மாணவர் நிறுத்தி யோசிக்க ஓர் இடம். உடனே செய்துபார்க்க ஒரு பயிற்சி. ஆர்வமுள்ளவர் மேலே போக ஒரு வழி. சக மாணவரோடு பேச ஓர் அமைப்பு. கற்பவரை மையமாகக் கொண்ட இந்த வரைவை ஆசிரியர்கள் முதலில் மாணவராக அனுபவித்தார்கள், பிறகு தம் பாடத்தில் செய்துபார்த்தார்கள். ஜூபிலி ஹில்ஸ் பாடநூலின் 'தன்னைச் சோதித்தல்' கேள்விக்கும் இந்தக் காணொளிக் கேள்விக்கும் அடிப்படை ஒன்றே.

காணொளி நீளம் பற்றிய ஆய்வும் இங்கே உதவும். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் அதைப் பார்க்கும் நேரம் பொதுவாகச் சுமார் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே ஏற்றுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

2020 காட்டிய இடைவெளி

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது இத்தனை அனுபவமும் ஒரு பக்கம் இருந்தது. ஜூம் இணைப்போடு தனியே அமர்ந்த ஆசிரியர் மறுபக்கம் இருந்தார். பேசுபவர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர், தேர்வு அமைப்பவர், இணையக் கோளாறு தீர்ப்பவர் எல்லாம் அவரே. கேமராவை அணைத்துவிட்ட அறுபது பெயர்ப்பெட்டிகளைப் பார்த்துப் பேசியதும் பிபிடி கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பியதும்தான் பல இடங்களில் இணையக் கல்வியாயிற்று. குறை ஆசிரியரிடம் இல்லை. ஒரு குழு செய்யவேண்டிய வேலையை ஓராளிடம் ஒப்படைத்ததே குறை.

இனிச் செய்யவேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று நடைமுறைகள் உண்டு. முதலாவது, ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தை வரைய ஒரு பாட வடிவமைப்பாளர். நம் பகுதியின் சிறு கல்லூரிகளுக்குத் தனித்தனியே இயலாதென்றால், நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒருவரையும் ஓர் ஒலிப்பதிவு அறையையும் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, பயிற்சியின் முடிவில் சான்றிதழுக்குப் பதிலாக, அந்த ஆசிரியரே அடுத்த பருவத்தில் நடத்தப்போகும் இரண்டு வாரப் பாடம் தயாராக இருக்கவேண்டும். பருவம் முடிந்ததும் சக ஆசிரியர் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லவேண்டும். மூன்றாவது, பணி உயர்வுக் கணக்கில் ஒரு பாடத்தைத் திருத்தி அமைப்பதற்கும் ஆய்வுக் கட்டுரைக்குத் தருவது போன்ற மதிப்பு தரவேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஆசிரியர் எவரும் அதற்கு நேரம் ஒதுக்கமாட்டார்.

இதற்கான அறிவும் நிறுவனங்களும் ஹைதராபாத்தில் ஏற்கெனவே உள்ளன. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடக் குழு அனுபவத்தையும் நான்கு பயிற்சி மையங்களின் வசதியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதே பாக்கி. நம்மிடையே உள்ள ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அதற்குக் கைகொடுத்தால், அடுத்த விழா மலரில் ஒரு புதிய நிலையத்தின் வரலாற்றையும் சேர்த்து எழுதலாம்.