விண்ணக மகளிரும் மண்ணக மகளிரும்

கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் 1873ஆம் ஆண்டின் வரலாற்றைத் தாங்கி நிற்கும் மகா மாரியம்மன் கோயிலும், பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலும், கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோயிலும் தமிழகத்திலும் ஈழத்திலும் வளர்ந்த கோயிற்கலை மரபின் கடல் கடந்த கிளைகளாம். அம்மரபிலே தெய்வ வடிவங்களுக்கு அடுத்தபடியாகக் கருதத்தக்கவர் விண்ணக மகளிர். அவரை வெறும் அழகுப் பொருளாகக் கொள்வது பொருந்தாது.

வடமொழியார் அப்சரஸ் என்பாரைத் தமிழர் அரமகளிர் என்றனர். திருமுருகாற்றுப்படை சூரரமகளிரை மலைச்சோலையில் ஆடுவோராகக் காட்டுகிறது. சிலப்பதிகாரமோ மாதவியின் குடிமரபைச் சாபத்தால் மண்ணில் பிறந்த உருப்பசியோடு இணைக்கிறது. விண்ணுலக ஆடல்மகளும் மண்ணுலக ஆடல்மகளும் ஒரே மரபினர் என்னும் கருத்து இவ்வாறு இலக்கியத்தில் வேரூன்றியது.

இடைக்காலச் சிற்பியர் அக்கருத்தைக் கல்லில் வடித்தனர். சந்தேலர் எழுப்பிய கசுராகோ கோயில்களின் புறச்சுவர்களில் அம்மகளிர் கண்ணுக்கு மை தீட்டுகின்றனர். காலில் தைத்த முள்ளைக் களைகின்றனர். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117இல் எடுப்பித்த பேலூர்க் கோயிலில் மதனிகைகள் கூரையைத் தாங்குவார்போல் சாய்ந்து நிற்கின்றனர். அவற்றுட் சிலவற்றின் அடியில் தாசோசன் முதலிய சிற்பியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மலேசியத் தமிழருக்கு அண்மையதான கம்போடியாவில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அங்கோர் வாட் கோயிலிலும் இம்மகளிர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காட்சியளிக்கின்றனர்.

சோழநாட்டில் இம்மரபு ஆடற்கலையோடு நெருங்கிப் பிணைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 வடிக்கப்பெற்றன. அவற்றை ஆடுபவர் சிவபெருமான். பின்னர் எழுந்த தில்லைக் கோபுர வாயில்களிலோ அக்கரணங்களை ஆடுவோர் பெண்கள்.

எனினும், கல்லில் நிற்கும் இம்மகளிர் பெரும்பாலும் பெயரற்றவர். மண்ணில் ஆடிய மகளிரோ அத்தகையர் அல்லர். முதலாம் இராசராசன் தஞ்சையில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், முன்பு பணிபுரிந்த கோயில், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண் அனைத்தையும் கல்வெட்டு முறையாகக் கூறுகிறது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பெற்றனர். அவர் இரவலர் அல்லர். ஊதியமும் மனையும் பெற்ற கலைஞர்.

அவ்வழி வந்தோரின் நிலை பிற்காலத்தில் தாழ்ந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் தடைசெய்தது. வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால், கலையைக் காத்தவரின் பெயர்களும் அதனுடன் மறக்கப்படுதல் நன்றன்று.

இன்று பிரிக்பீல்ட்ஸில், 1981இல் தோன்றிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் போன்ற நிலையங்களில் குலவேறுபாடின்றி மாணவர் பரதம் பயில்கின்றனர். அவர்தம் ஆடலின் முன்னோடிகளைக் கோபுரத்துச் சிற்பங்களில் மட்டும் தேடுதல் போதாது. தஞ்சைக் கல்வெட்டின் பெயர் வரிசையிலும் தேடுதல் வேண்டும். சிற்பம் ஆடலின் வடிவத்தைக் காத்தது. கல்வெட்டு ஆடியவரைக் காத்தது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே முழுமையான வரலாற்றுக் கல்வியாகும்.