கலாபகஸ் ஆமைகள்: தின்ன வந்தவர்களும் பார்க்க வருபவர்களும்

தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது கலாபகஸ் தீவுக்கூட்டம். ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமானது. படகிலேயே தங்கி, தீவு தீவாகச் சுற்றிப் பார்க்க உலகமெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். பாறைமேல் வெயில் காயும் கடல் உடும்புகள், படகுத்துறை பெஞ்சில் குறட்டை விடும் கடல்சிங்கங்கள், நீலக்கால் பறவைகள், பென்குயின்கள்... எல்லாவற்றுக்கும் மேலாக, 200 கிலோவையும் தாண்டும் ராட்சத ஆமைகள்!

ஒரு காலத்தில் இதே ஆமைகளுக்காகக் கப்பல்கள் வந்தது பார்ப்பதற்கு அல்ல, தின்பதற்கு.

பெயர் வந்த கதை

1535-ல் பனாமாவின் பிஷப் தோமாஸ் தெ பெர்லாங்கா பெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். காற்று நின்றுவிட, நீரோட்டம் கப்பலை இந்தத் தீவுகளுக்கு இழுத்து வந்தது. குடிநீர் கிடைக்காமல் கள்ளியைப் பிழிந்து தாகம் தீர்த்தார்கள். ஸ்பெயின் மன்னருக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஆமைகளும் உடும்புகளும் இடம்பெற்றன. ஸ்பானிய மொழியில் 'கலாபகோ' என்றால் ஆமை. அதுவே பின்னாளில் வரைபடங்களில் தீவின் பெயராகிவிட்டது.

கெட்டுப்போகாத சரக்கு

17-ம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் வந்தார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வரத் தொடங்கின. வேட்டைக்குக் கிளம்பினால் ஊர் திரும்ப இரண்டு மூன்று வருடம் ஆகும். அப்போது ஃபிரிட்ஜ் ஏது? உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும்தான் சாப்பாடு. இந்த ஆமையோ தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். விலை கிடையாது, தீனிச் செலவு கிடையாது, கெட்டும் போகாது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனார்கள்.

1925-ல் சார்லஸ் டவுன்செண்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 79 கப்பல்களின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டார். 1831 முதல் 1868 வரை அந்தக் கப்பல்கள் மட்டும் எடுத்துப்போனவை 13,013 ஆமைகள்! மொத்தத்தில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை அழிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், தூக்க வசதியாகச் சிறியவையாகவும், முட்டையிடக் கடற்கரைப் பக்கம் இறங்கி வருபவையாகவும் இருந்தவை பெண் ஆமைகள். அதனால் அதிகம் சிக்கியதும் அவைதான். வட்டியை எடுக்காமல் முதலிலேயே கைவைத்த கதை இது. ஒவ்வொரு கேப்டனும் தன் கப்பலுக்கு லாபமானதைத்தான் செய்தார். எல்லாக் கப்பல்களும் சேர்ந்து எவ்வளவு எடுக்கின்றன என்று கூட்டிப் பார்க்க அன்று ஆளில்லை.

1820-ல் 'எஸ்ஸெக்ஸ்' கப்பலின் மாலுமி ஒருவர் விளையாட்டாக வைத்த தீ ஃப்ளோரியானா தீவில் பரவிப் பெருநாசம் செய்தது. கப்பல்களில் வந்த எலியும் ஆடும் பன்றியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

டார்வின் வந்தபோது

1835-ல் 'பீகிள்' கப்பலில் வந்த டார்வினிடம் உதவி ஆளுநர் லாசன், ஓட்டைப் பார்த்தே ஆமை எந்தத் தீவுடையது என்று சொல்லிவிடலாம் என்றார். டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீகிளிலும் உணவுக்காக ஆமைகள் ஏற்றப்பட்டன. தின்று முடித்து ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். பரிணாமக் கொள்கைக்கு உதவியிருக்கக்கூடிய சான்று அது!

மீட்பு

1959-ல் ஈக்வடார் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. எஸ்பனோலா தீவில் அப்போது எஞ்சியிருந்தவை 12 பெண், 2 ஆண் ஆமைகள் மட்டுமே. அவற்றோடு அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையிலிருந்து 'டியாகோ' என்ற ஆணையும் சேர்த்து இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். ஏறக்குறைய 2000 குட்டிகள் தீவுக்குத் திரும்பின. 2020-ல் அந்த 15 பெற்றோர்களும் சொந்த மண்ணில் விடப்பட்டனர். பிண்டா தீவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் கடைசி ஆமையான 'தனிமை ஜார்ஜ்' 2012-ல் வாரிசின்றி இறந்தது.

இப்போது வருபவர்கள் வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும். விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆக உயர்ந்தது. உயிரோடு இருக்கும் ஆமை இன்று வருமானம் தருகிறது. ஆனால் படகுகள் பெருகினால் புதுப் பூச்சிகளும் விதைகளும் கூடவே வரும். அன்று கூட்டிப் பார்க்காமல் விட்ட கணக்கை இந்த முறையாவது சரியாகப் போட வேண்டும்.