சிவப்புச் சாயம் காட்டிய வழி

உடலுக்கு உணவாகவும் பயன்படாமல், நஞ்சாகவும் தீங்கு செய்யாமல், வேதியியற் கூடத்தில் மனிதன் ஆக்கிய ஒரு பொருள் இரத்தத்திற் கலந்தால் அஃது என்ன ஆகும்? பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். எவ்வழியாக வெளியேறுகிறது என்று கண்டறிந்த வரலாறு சுவை மிக்கது.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்குழல்கள் உள்ளன. ஒவ்வொரு குழலின் தலைப்பிலும் இரத்த நாளங்களால் ஆன முடிச்சு ஒன்று இருக்கிறது. இவ்வமைப்பை 1842-இல் ஆங்கிலேய அறிஞர் பௌமன் விளக்கினார். அம்முடிச்சு ஒரு வடிகட்டி என்றார் ஜெர்மானிய அறிஞர் லுட்விக். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. எஞ்சியதைக் குழல்கள் மீட்டுக்கொள்கின்றன. வடித்தலும் மீட்டலுமே சிறுநீரகத்தின் தொழில், குழல்கள் தாமாக எதையும் சுரப்பதில்லை என்று 1917-இல் குஷ்ணி என்பார் வலியுறுத்தினார்.

இக்கொள்கையை அசைத்தது ஒரு சாயம். பீனால் சிவப்பு என்னும் அச்செயற்கைப் பொருளை ஊசி வழியே செலுத்திச் சிறுநீரகத்தின் திறனை அளக்கும் முறையை, 1910-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரௌண்ட்ரீ, ஜெராட்டி என்னும் இருவர் வகுத்தனர். செலுத்திய சாயத்தின் பெரும்பகுதி, நலமுள்ளவரிடம் இரண்டு மணி நேரத்திற்குள் சிறுநீரில் வந்துவிடும்.

அதே நகரில் மார்ஷல் என்னும் ஆராய்ச்சியாளர் 1923-இல் ஒரு கணக்குப் போட்டார். இரத்தத்தில் இச்சாயத்தின் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். புரதமோ வடிகட்டியைக் கடவாது. ஆயினும் வடியக்கூடிய அளவினும் மிகுதியான சாயம் சிறுநீரிற் கண்டது. ஆகவே குழலின் சுவரே அதை இரத்தத்திலிருந்து பற்றி உள்ளே சேர்க்கிறது என்றார். ஐயுற்றவர் பலர். வடிகட்டும் முடிச்சே இல்லாத சில கடல் மீன்களைப் பின்னர் அவர் ஆராய்ந்தார். அவற்றின் சிறுநீரகமும் சாயத்தை வெளியேற்றியது! ஐயம் அகன்றது.

ஒரு சாயத்தைப் பற்றிய வழக்கு நமக்கெதற்கு என எண்ணலாம். 1941-இல் ஆக்ஸ்போர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் கொடுத்தனர். அவர் தேறி வந்தார். ஆனால் மருந்து விரைவிற் சிறுநீரோடு வெளியேறியது. அச்சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் போதவில்லை, இருப்புத் தீர்ந்தது, மார்ச் மாதம் அவர் உயிர் நீத்தார். பூஞ்சையிற் பிறந்த அம்மருந்தும் சாயம் சென்ற குழற்சுவரின் வழியே ஓடிக்கொண்டிருந்தது. அவ்வழியை அடைப்பதற்கென்றே புரோபெனெசிட் என்னும் மருந்தை உருவாக்கி, 1950-களின் தொடக்கத்திற் பயனுக்குக் கொண்டுவந்தனர். பெனிசிலின் உடலில் நெடுநேரம் தங்கலாயிற்று.

அந்தச் சாயச் சோதனை இன்று வழக்கொழிந்தது. ஆனால் புதிய மருந்தொன்றை எத்தனை மணிக்கொருமுறை, எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்யும்போதெல்லாம், சிறுநீரகம் அதை எவ்வழியே, எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதையும் கணக்கிற் கொள்கின்றனர். மீனையும் சாயத்தையும் வைத்து நடந்த ஆராய்ச்சி, நோயாளியின் படுக்கையருகே பயன் தருகிறது.