கோல்ஃப் மைதானத்துக்கு வந்த ஒரு தந்தி

கோல்ஃப் ஆடுறவங்க வாழ்நாள்ல ஒரு தடவையாவது ஸ்காட்லாந்து போய் ஆடணும்னு ஆசைப்படுவாங்க. அப்படிப் போறவங்க பட்டியலில் பெரும்பாலும் மூன்று ஊர்கள் இருக்கும்: பிரஸ்ட்விக், நார்த் பெர்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ்.

மூன்றுமே 'லிங்க்ஸ்' வகை மைதானங்கள். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு பூமி. விவசாயத்துக்கு ஆகாது. புல் வளரும், மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். விளையாட்டுக்கு அதுவே வசதியாப் போச்சு.

இந்த மூன்று ஊரையும் ஒரு குடும்பத்தின் கதை இணைக்கிறது. கோல்ஃப் தெரியாதவங்களும் படிங்க. இது ஒரு பிரசவத்தின் கதையும்தான்.

முதலில் பிரஸ்ட்விக். 1851ல் டாம் மோரிஸ் இங்கே 12 குழிகள் கொண்ட மைதானத்தை அமைத்தார். 1860ல் முதல் ஓப்பன் போட்டி நடந்ததும் இங்கேதான். அவர் மகன் டாமி 1868ல் சாம்பியன் ஆனபோது வயது 17. 1870 போட்டியில், 578 கஜ நீளமுள்ள முதல் குழியை மூன்றே அடியில் முடித்தார். அந்தக் குழி தொடங்கிய இடத்தில் இன்னைக்கும் ஒரு கற்குவியல் சின்னம் நிற்கிறது.

மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்ததால் பரிசாக இருந்த பெல்ட் அவருக்கே சொந்தமானது. கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871ல் போட்டியே நடக்கலை! 1872ல் மறுபடி நடந்தது. மறுபடியும் டாமிதான்.

அடுத்து நார்த் பெர்விக். 1875 செப்டம்பர். அப்பாவும் மகனும் ஜோடியாக பார்க் சகோதரர்களை எதிர்த்து ஆடுறாங்க. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு தந்தி. டாமியின் மனைவி மார்கரெட்டுக்குப் பிரசவத்தில் சிக்கல். வீடு இருப்பது செயின்ட் ஆண்ட்ரூஸில், ஃபோர்த் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். ஒருவர் தன் பாய்மரப் படகைக் கொடுத்து உதவினார். வீடு போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, குழந்தையும் இல்லை.

ஒரு டாக்டரா இந்த இடத்தை என்னால் சும்மா கடந்து போக முடியலை.

அதே ஸ்காட்லாந்தில், எடின்பரோவில், சிம்ப்சன் 1847லேயே பிரசவ வலிக்கு குளோரோஃபார்ம் கொடுத்துவிட்டார். அறுவை சிகிச்சையில் கிருமித் தொற்றைத் தடுக்கும் முறையை லிஸ்டர் 1867ல் வெளியிட்டார். அப்புறம் என்ன தடை?

அன்றைக்கு சிசேரியன் செய்தாலும் கர்ப்பப்பையைத் தைக்காமல் விடுவதுதான் பொதுவான வழக்கம். ரத்தப்போக்கிலும் தொற்றிலும் பெரும்பாலான தாய்மார் இறந்துபோனார்கள். அதனால் டாக்டர்கள் கத்தியை எடுக்கவே பயந்தார்கள். கர்ப்பப்பையைச் சரியாகத் தைக்கும் முறையை ஜெர்மனியின் சாங்கர் வெளியிட்டது 1882ல். மார்கரெட் இறந்து ஏழு வருடம் கழித்து! ரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் விவரித்தது 1901ல்.

மூன்றாவது ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். மனைவி போன சில வாரங்களில், கடும் குளிரில், பனிக்கு நடுவே டாமி இங்கே ஆறு நாள் பந்தயம் ஆடினார். 1875 கிறிஸ்துமஸ் அன்று காலை இறந்தார். வயது 24. நுரையீரலில் ரத்தக்கசிவு என்கின்றன குறிப்புகள். மனசு உடைஞ்சு செத்தான்னு ஊர் பேசியது. துக்கத்தால் சாக முடியும்னா நான் இன்னைக்கு இருக்க மாட்டேனே என்ற பொருளில் அப்பா சொன்னாராம். அவர் 1908 வரை வாழ்ந்தார்.

அங்குள்ள பழைய கதீட்ரல் கல்லறைத் தோட்டத்தில், பந்தை அடிக்கத் தயாராக நிற்கும் கோலத்தில் டாமியின் சிலை இருக்கிறது. மட்டையைத் தூக்கிக்கிட்டு வரும் பயணிகள் பலர் அங்கேயும் போறாங்க.

"அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலதானே பிள்ளை பெத்தாங்க?" என்று இப்பவும் சிலர் கேட்கிறாங்க. ஆமாங்க, பெத்தாங்க. நாட்டின் பெரிய சாம்பியன் வீட்டிலும் அப்படித்தான். மார்கரெட்டுக்கு வேறு வழி இல்லை. உங்க வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டர் இருக்கு, ரத்த வங்கி இருக்கு, தைக்கத் தெரிந்த டாக்டர் இருக்காங்க. வலி வந்ததும் கிளம்பி வந்துடுங்க.