கொச்சி யூதர் வீட்டு வெள்ளிக்கிழமை

கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாள ஆகிய ஐந்து ஊர்களில் வாழ்ந்த யூதர்களுக்கு வாரத்தின் வேலையெல்லாம் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடிந்தாக வேண்டும். இவற்றில் பரவூரும் சேந்தமங்கலமும் பெரியாற்றின் கழிமுகத்தை ஒட்டியவை. 

கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு ஒன்று அளித்தான். பகல்விளக்கு, குடை, பறை, காகளம் என்று 72 உரிமைகளைத் தரும் அந்தச் சாசனம் வட்டெழுத்தில் உள்ளது. அதன் மொழி தமிழோடு மிக நெருங்கியது. எழுத்தை மட்டும் பழகிக்கொண்டால் மதுரைக்காரர் ஒருவர் பெரிதாகத் தடுமாற மாட்டார். யூதர்கள் கொச்சி மன்னரின் படையிலும் இருந்தார்கள். சனிக்கிழமை அவர்கள் ஆயுதம் தொட மாட்டார்கள் என்பதால் 16ஆம் நூற்றாண்டில் மன்னர் ஒரு போரையே தள்ளிவைத்தார் என்று சொல்வதுண்டு.

ஓய்வுநாளான சபத், வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கிச் சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடியும். அதற்கிடையே அடுப்பு பற்றவைக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, எழுதக் கூடாது, காசைத் தொடக் கூடாது, வண்டியேறக் கூடாது. ஆகவே மறுநாளுக்கும் சேர்த்து வெள்ளியன்றே உலை வைத்தாக வேண்டும். அரிசியும் கோழியும் சேர்த்துத் தணலில் இரவெல்லாம் வேகவிடும் ஹமீன் இந்தத் தேவைக்கென்றே பிறந்த சாப்பாடு. கோழியை முறைப்படி அறுக்கத் தனி ஆள் இருந்தார். செதிலும் துடுப்பும் உள்ள மீனுக்கு மட்டுமே வீட்டுக்குள் இடம். இறாலும் நண்டும் கொழிக்கும் காயலோரத்தில் இது சின்னக் கட்டுப்பாடு அல்ல. இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்ற விதிதான் மற்ற நாட்டு யூதச் சமையலைப் பெரிதும் நெருக்கியது. மலபாரில் அந்தச் சிக்கலைத் தேங்காய் தீர்த்துவைத்தது. கோழிக்குழம்பில் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றினாலும் விதி மீறியதாகாது.

விளக்கு ஏற்றுவது வீட்டுப் பெண்ணின் கடமை. மெழுகுவத்திக்குப் பதிலாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போடுவார்கள். ஆசீர்வாதத்துக்கு வேண்டிய திராட்சை ரசம் கடையில் கிடைக்காது; உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வீட்டிலேயே எடுப்பார்கள். சட்டம் வெளியிலிருந்து வந்தது. அதை நடத்திக்காட்டிய சாமான் முழுதும் உள்ளூர்ச் சந்தைச் சரக்கு. வழிபாட்டிலும் அதே கலப்புதான். ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைவார்கள். பெண்கள் யூதக் கதைகளை மலையாளப் பாட்டாக்கி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடினார்கள். ஆண்கள் இருக்கும் சபையிலும் அவர்கள் வாய்விட்டுப் பாடியது பிற நாட்டு யூதருக்கு வியப்பாக இருந்திருக்கும்.

1948இல் இஸ்ரேல் உருவானது. 1950களின் நடுவில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நெகேவ் பாலைநிலத்து நெவாத்திம், எருசலேமுக்கு மேற்கே மெசிலாத் சீயோன், தாவோஸ் போன்ற கூட்டுப் பண்ணை ஊர்களில் குடியேற்றப்பட்டார்கள். மிளகும் முட்டையும் விற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், பழமரம் வைத்தார்கள். நெவாத்திமில் ஏற்றுமதிக்குப் பூ வளர்ப்பதில் பெயர் பெற்றார்கள்.

அங்கே சனிக்கிழமை நாட்டுக்கே விடுமுறை. பெரும்பாலான ஊர்களில் பேருந்து ஓடாது, கடை அடைத்திருக்கும். கொச்சியில் ஊரே வியாபாரம் செய்யும் நாளில் கடையை மூடி நட்டத்தைத் தாங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வெள்ளிக்கிழமை அவசரம் மட்டும் கூடியது. கொச்சியில் சூரியன் வருடம் முழுக்க ஏறத்தாழ மாலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் மறையும். கைவேலைக்குப் பழகிய கணக்கு இருந்தது. இஸ்ரேலில் டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது போய்விடும். அந்த மாதங்களில் பகல் சாப்பாட்டோடு சமையலறையை ஒழித்தாக வேண்டும். தணலுக்குப் பதிலாக, முன்கூட்டியே இயக்கிவைக்கும் மின்சாரச் சூட்டுத்தட்டு வந்தது.

கொச்சியில் மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். சபை வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும் என்பதால், 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் சுற்றுலா வந்த யூதர்கள் சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிறைந்தது. மட்டாஞ்சேரியின் இன்னொரு ஆலயமான கடவும்பாகத்தின் மர வேலைப்பாடுகள் 1990களில் பிரித்தெடுக்கப்பட்டு, எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன.