சாவி கொடுத்த அறை



மார்ச் 25, ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் என்ற வரலாற்று அறிஞர் 2009-ல் மறைந்த நாள். நம் பாடப் புத்தகத்தில் வராத பெயர். பொறுமையாகப் படியுங்கள்.

1915-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ரென்டீஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அம்மா ஆசிரியை, அப்பா வழக்கறிஞர். 6 வயதில் அம்மாவோடு ரயிலில் போனபோது, வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்ததற்காக நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அழுத பிள்ளையிடம் அம்மா, "உன்னைவிட எவரும் உயர்ந்தவர் இல்லை. அழுது நேரத்தை வீணாக்காதே" என்கிற பொருளில் சொன்னாராம்.

1921-ல் டல்சா நகரில் கறுப்பின மக்களின் பகுதியையே வெறிக் கும்பல் எரித்தது. அங்கே இருந்த அப்பா கூடாரம் போட்டு வக்கீல் தொழில் நடத்தினார். குடும்பம் ஒன்று சேர நான்கு ஆண்டுகள் ஆயின.

மகன் ஹார்வர்டு வரை படித்தார். 1939-ல் ஆய்வுக்காக ராலே நகரின் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் படிக்க வருவார் என்று அங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தனி அறை ஒதுக்கி, வெள்ளைப் பணியாளர்கள் அவருக்கு ஏவல் செய்ய வேண்டாம் என்று ஆவண அறையின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு வெள்ளை ஆய்வாளர்கள், "அவருக்கு மட்டும் சலுகையா?" என்று புகார் செய்ய, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! அவர் சண்டை போடவில்லை, படிப்பையும் விடவில்லை. 1947-ல் வந்த 'அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கு' என்ற அவர் நூல் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்ற 1954 தீர்ப்புக்கு உழைத்த குழுவிலும் இருந்தார்.

வீட்டில் எப்படி? மனைவி அரேலியா நூலகர். கல்லூரியில் அறிமுகமாகி 1940-ல் மணந்து, 1999-ல் அவர் மறையும்வரை 58 ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரே மகன். எழுதிய நேரம் போக ஆர்க்கிட் செடி வளர்ப்பார். ஒரு ஆர்க்கிட் வகைக்கு அவர் பெயரே உண்டு.

1995-ல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை வாங்குவதற்கு முந்தைய இரவு, தாம் உறுப்பினராக இருந்த மன்றத்தில் நண்பர்களுக்கு விருந்து வைத்திருந்தார். ஒரு பெண்மணி அவரை வேலையாள் என்று நினைத்து, தன் கோட்டை எடுத்துவரச் சொன்னார். சீருடை அணிந்த பணியாளரிடம் கேளுங்கள் என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார். அப்போது வயது 80.

இதை ஏன் எழுதுகிறேன்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் தண்ணீர்ப் பானை அருகே சில பிள்ளைகளுக்கு மட்டும் தனித் தம்ளர் இருந்தது. அதைத் தினமும் பார்த்தேன். புதிதாக வந்தவர் நமக்கேன் வம்பு என்று வாய் திறக்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுபோய் எறிந்திருக்கலாம். ராலேயில் சாவி கொடுத்தவர்களும் என்னைப் போல நல்லவர்களாகத்தான் தங்களை நினைத்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும். உங்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆசிரியரை மன்னியுங்கள். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, நாளைக் காலை பள்ளிக்குப் போனதும் தண்ணீர்ப் பானை பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்